அரிசிக் கணக்கை அங்கேயே விட்டுவிடாதீர்கள்
கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கணித ஆசிரியர்களே,

சதுரங்கப் பலகையும் அரிசி மணியும் கதையை உங்களில் சொல்லாதவர் இருக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர் தொடங்கும் நாளில் அந்தக் கதை எப்படியும் வந்து சேர்ந்துவிடும். முதல் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு. அரசன் முதலில் சிரிக்கிறான். பிறகு களஞ்சியத்தைத் திரும்பிப் பார்க்கிறான். பிறகு வாயடைத்துப் போகிறான். கரும்பலகையில் சூத்திரம் ஏறுகிறது, விடை 2⁶⁴ − 1 என்று வருகிறது. “எவ்வளவு பெரிய எண் பார்த்தீர்களா!” என்கிறீர்கள். மணி அடித்துவிடுகிறது.

அந்த மணிக்குப் பிறகு நடக்க வேண்டியதைப் பற்றித்தான் இந்த மடல். பெரிய எண் என்று வியந்துவிட்டு அதை அப்படியே விட்டுவிடுகிறோம். மேடைப் பேச்சாளர் விட்டால் பரவாயில்லை. அவர் அடுத்ததாகச் சிறுசேமிப்பின் பெருமைக்குப் போயாக வேண்டும். கணக்கு வாத்தியார் விடலாமா? அந்த எண்ணுக்குள் இருப்பதைப் பார்த்தால், அது பெரியது என்பதுதான் அதைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகச் சாதாரணமான செய்தி.

முதலில் எண்ணை முழுதாக எழுதுவோம்:

1,84,46,74,40,73,70,95,51,615

இருபது இலக்கம். ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, அதற்கு மேல் கொஞ்சம் சில்லறை. சில்லறையே 44 லட்சம் கோடியைத் தாண்டும். ஓர் அரிசிக்கு 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 37,000 கோடி டன் வரும். உலகம் முழுக்க ஒரு வருடத்தில் கிடைக்கும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல். ஆக எழுநூறு வருட விளைச்சலைக் கொட்டினால்தான் பலகை நிறையும். சரி, வியந்தாயிற்று. அடுத்த வேலையைப் பார்ப்போம்.

கதை எங்கே பிறந்தது என்பதில் ஆளுக்கொரு ஊர் பேர் சொல்வார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் எழுதிவைத்ததில் சிஸ்ஸா என்ற அறிஞர் வருகிறார். கேரளத்தில் அம்பலப்புழைக் கிருஷ்ணனே முனிவர் வேடத்தில் வந்து ஆடி ஜெயித்ததாகவும், அந்தக் கடனைத்தான் இன்றுவரை பால்பாயசமாக அடைத்துக்கொண்டிருப்பதாகவும் சொல்வார்கள். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நம்மூர்த் திருப்பூவனூர் சதுரங்க வல்லபநாதரின் பெயரும் அடிபட்டது. அங்கே பந்தயம் இளவரசியின் கல்யாணம், அரிசி அல்ல. எனக்குக் கதையைவிடக் கணக்குப் போட்டவர்மேல்தான் பிரியம் அதிகம். அவர் அல்பிரூனி.

இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதிய அதே அல்பிரூனிதான். அதற்கு முன்பே, கி.பி. 1000-ஐ ஒட்டி அவர் எழுதிய காலக்கணக்கு நூலில் இந்த எண்ணின் இருபது இலக்கமும் பிசகாமல் இருக்கிறது. அவர் அறுபத்து மூன்று முறை இரட்டித்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு கட்டத்தில் இருக்கும் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், முதல் கட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோமோ அவ்வளவு தூரம் இன்னொரு முறை தாண்டிவிடலாம் என்பதைக் கவனித்தார். ஐந்தாம் கட்டத்தில் 16. பதினாறும் பதினாறும் பெருக்க 256. அது ஒன்பதாம் கட்டம். 256-ஐ 256-ஆல் பெருக்க 65,536, பதினேழாம் கட்டம். அதன் வர்க்கம் 4,29,49,67,296. முப்பத்து மூன்றாம் கட்டம். அதையும் வர்க்கப்படுத்தினால் அறுபத்தைந்தாம் கட்டம். அப்படி ஒரு கட்டம் பலகையில் கிடையாது. ஆனால் அங்கே வரவேண்டியது, அதற்கு முன்னுள்ள அறுபத்து நான்கு கட்டங்களின் கூட்டுத்தொகையைவிடச் சரியாக ஒன்று கூடுதல். ஒன்றைக் கழித்தால் விடை கையில்.

நான்கே பெருக்கல், ஒரு கழித்தல். கடைசிப் பெருக்கல்தான் பத்து இலக்கத்தைப் பத்து இலக்கத்தால் பெருக்குவது. கட்டம் போட்ட நோட்டில் அரைப் பக்கம் பிடிக்கும். இதைப் பிள்ளைகள் கையால் போட வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கால்குலேட்டரில் 2⁶⁴ என்று தட்டினால் 1.844674407 × 10¹⁹ என்று வந்து நிற்கும். எக்செலில் கேட்டால் 18446744073709600000 என்று ஐந்து சுழியத்தில் முடித்துவிடும். அதிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் அதே எண்தான் திரும்ப வரும். பதினைந்து இலக்கத்துக்கு மேல் அது வைத்துக்கொள்வதில்லை. சரக்கு எடைபோட இது தாராளமாகப் போதும். ஆனால் ஒற்றையா இரட்டையா, மூன்றால் வகுபடுமா, பகாக் காரணிகள் எவை என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தக் கடைசி ஐந்து இலக்கம் இல்லாமல் கிடைக்காது. எண்ணின் அளவு முன்னால் இருக்கிறது, குணம் பின்னால் இருக்கிறது. கருவி பின்பக்கத்தைத்தான் வெட்டிவிடுகிறது.

குணத்தைப் பார்க்க இருபது இலக்கத்தோடு மல்லுக்கட்டவும் தேவையில்லை. இரண்டின் அடுக்குகளில் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றிச் சுற்றி வரும். 64 நான்கால் வகுபடுவதால் 2⁶⁴ ஆறில் முடியும். நம் எண் ஐந்தில் முடியும். ஏழு பேர் அரிசியைச் சமமாகப் பங்கு போட்டால் எத்தனை மிஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள். நீள் வகுத்தலில் இறங்கும் பிள்ளையை நிறுத்துங்கள். எட்டை ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. எட்டு என்பது 2³. அறுபத்து நான்கில் இருபத்தொரு மூன்றுகள் போக ஒன்று மிச்சம். ஆகவே 2⁶⁴-ஐ ஏழால் வகுத்தால் மீதி 2, ஒன்று கழிக்க ஒரே ஒரு மணி மிஞ்சும். பதினேழு பேர் பங்கு போட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஏன் என்பதற்குத்தான் இனி வருகிறேன்.

அல்பிரூனி ஏறிய படியிலேயே இறங்கிப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த முற்றொருமை போதும்: a² − b² = (a + b)(a − b). 2⁶⁴ − 1 என்பது 2³² + 1, 2³² − 1 ஆகிய இரண்டின் பெருக்கல். அந்த 2³² − 1 மறுபடி உடையும். உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் இப்படி நிற்கும்:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,29,49,67,297

17 முதல் ஒவ்வொன்றும் அல்பிரூனி மிதித்த கட்டத்தில் உள்ளதைவிட ஒன்று கூடுதல்: 16-க்கு 17, 256-க்கு 257, 65,536-க்கு 65,537. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது? இங்கேதான் கணித வரலாற்றின் மிகச் சுவையான சறுக்கல் ஒன்று காத்திருக்கிறது.

1640-இல் பியர் தெ ஃபெர்மா இந்த வரிசையைப் பார்த்தார். 3, 5, 17, 257, 65,537 எல்லாம் பகா எண்கள். ஆகவே இந்த வழியில் வருவதெல்லாம் பகா எண்களே என்று நண்பர்களுக்கு எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார், ஆனால் நம்பிக்கையை விடவில்லை. தொண்ணூறு வருடம் அப்படியே கிடந்தது. 1729 டிசம்பரில் (ராமானுஜனின் டாக்ஸி எண்ணே ஆண்டாக வந்திருப்பது தற்செயல்தான்) கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றிக் கேட்டார். 1732-இல் ஆய்லர் விடை சொன்னார்: 4,29,49,67,297 என்பது 641 × 67,00,417. பகா எண் அல்ல.

641 எங்கிருந்து வந்தது? வரிசையாக வகுத்துப் பார்த்திருந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட பகா எண்களைச் சோதிக்க வேண்டியிருந்திருக்கும். ஆய்லர் பின்னர் நிறுவிக் காட்டிய வழி வேறு: இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஒன்று இருந்தால் அதை 64-ஆல் வகுக்க மீதி 1 வந்தே தீரும். அந்த வகைப் பகா எண்களைச் சிறியதிலிருந்து எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது அடியிலேயே கோட்டை சரிந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த விதிக்கு அடிப்படையாக இருப்பது இன்று ஃபெர்மாவின் சிறு தேற்றம் என்று நாம் அழைப்பதுதான். அதை அவர் எழுதி அறிவித்ததும் அதே 1640-இல்தான். ஆயுதம் அவர் கையிலேயே இருந்தது.

641 வகுக்கும் என்பதைப் பெருக்காமலேயே காட்ட முடியும். உங்கள் பத்தாம் வகுப்பு ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடத்தில் மட்டு எண்கணிதம் இருக்கிறதே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 640 என்பது 5 × 2⁷. 641-ஆல் வகுக்கும்போது 640-இன் மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. அந்த நான்காம் அடுக்கு 5⁴ × 2²⁸, அதாவது 625 × 2²⁸. இப்போது 625-ஐக் கவனியுங்கள்: அது 641-ஐவிடப் பதினாறு குறைவு, ஆகவே அதை −16 என்று எழுதலாம், அதாவது −2⁴. அங்கே போட்டால் −2³²-இன் மீதி 1 என்று ஆகிறது. 2³²-இன் மீதி −1. ஒன்றைக் கூட்டினால் சுழியம். முடிந்தது. பத்து இலக்க எண் ஒன்று கரும்பலகையில் நாலு வரியில் படுத்துவிட்டது. இதை நேரில் பார்க்கும் பிள்ளை, பெரிய எண் என்றால் பயப்பட வேண்டும் என்ற எண்ணத்தை அன்றைக்கே விட்டுவிடும்.

ஆக, அரிசிக் கணக்கின் முழு உடல் இது: 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 67,00,417. ஏழு பகாக் காரணிகள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் மொத்த வகுஎண்கள் 2⁷, அதாவது 128. பலகையின் கட்ட எண்ணிக்கையைப் போல் இருமடங்கு என்பது வெறும் ஒற்றுமைதான். ஆனாலும் பிள்ளைகள் ரசிப்பார்கள். ஃபெர்மாவின் வரிசையில் 65,537-க்குப் பிறகு ஒரு பகா எண்கூட இன்றுவரை அகப்படவில்லை. அவர் பார்த்த ஐந்தோடு சரி.

அந்த ஐந்தும் வேறொரு கதவைத் திறந்தன. 1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது வயது நிரம்ப ஒரு மாதம் இருக்கும்போது, கார்ல் ஃபிரடெரிக் கவுஸ் பதினேழு பக்க ஒழுங்கு பலகோணத்தைக் கவராயமும் அளவு குறிக்காத கோலும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். கிரேக்கர் காலத்துக்குப் பின் இரண்டாயிரம் வருடமாக அந்தத் துறையில் இப்படி ஒரு புதுப்பொருள் வந்திருக்கவில்லை. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது இந்த ஃபெர்மா பகா எண்களில் சிலவற்றை, ஒவ்வொன்றையும் ஒரு முறை மட்டும் எடுத்து, பெருக்கி வந்ததாக இருக்க வேண்டும், அப்போதுதான் வரையலாம். மற்ற ஒற்றைப்படைப் பலகோணங்களை வரைய முடியாது என்பதை 1837-இல் வான்ட்செல் நிறுவினார். ஐந்து எண்களை வைத்து 31 வகையாகத்தான் பெருக்க முடியும். அவற்றில் மிகப் பெரியது ஐந்தையும் சேர்த்துப் பெருக்கியது: 4,29,49,67,295. இது 2³² − 1. நம் பலகையில் முதல் பாதியின், முதல் முப்பத்திரண்டு கட்டங்களின், மொத்த அரிசி!

பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கவராயத்தால், கொள்கையளவில் வரைய முடியும் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியது அரைப் பலகை அரிசியோடு சமம் என்று எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும். (கொள்கையளவில் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் 65,537 பக்கப் பலகோணத்துக்கு வழி எழுதவே பத்து வருடம் செலவிட்டு 1894-இல் முடித்தார். கையெழுத்துப் பிரதியைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதை யார் படித்துச் சரிபார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்.)

செலவில்லாத செயல்திட்டம் ஒன்றும் இதில் இருக்கிறது. பாஸ்கல் முக்கோணத்தைச் சுவரளவு சார்ட்டில் போடச் சொல்லுங்கள். பிங்கலரின் நூலுக்கு 10-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் மேரு பிரஸ்தாரம் என்று விளக்கியதும் இதே முக்கோணம்தான் என்பதையும் சொல்லிவையுங்கள். எண்களை எழுத வேண்டாம். ஒற்றைப்படை வருமிடத்தில் 1, இரட்டைப்படை வருமிடத்தில் 0. கூட்டுவதும் சுலபம்: மேலே இருக்கும் இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் 0, வேறுபட்டால் 1. இப்போது ஒவ்வொரு வரிசையையும் ஈரடிமான எண்ணாகப் படியுங்கள்: 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257... ஒன்றைத் தள்ளிவிட்டால், முப்பத்திரண்டாம் வரிசை வரை வருபவை கவுஸின் அந்த 31 பலகோணங்களேதான், ஒன்று விடாமல், வரிசை மாறாமல். முப்பத்து மூன்றாம் வரிசையில் ஆய்லர் உடைத்த 4,29,49,67,297 வந்து நின்று ஒழுங்கைக் கலைக்கும். அறுபத்து நான்காம் வரிசையில் அறுபத்து நான்கு இடத்திலும் 1 மட்டுமே இருக்கும். அதைப் படித்தால் சதுரங்க அரிசியின் கணக்கு.

கணிப்பொறி ஆசிரியரையும் ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். அறுபத்து நான்கு ஒன்றுகள் என்றால், 64 பிட் இடத்தில் குறியில்லாமல் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண். இன்னும் ஒன்றைக் கூட்டினால் எல்லாம் சுழியமாகிவிடும். 32 பிட்டில் ஒன்றைக் குறிக்கு ஒதுக்கினால் உச்சம் 2,14,74,83,647. 2014-இல் ‘கங்னம் ஸ்டைல்’ பாட்டைப் பார்த்தவர் எண்ணிக்கை இந்த எல்லையைத் தொட்டபோது யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றவேண்டி வந்தது. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இப்படி எண்ணும் பழைய கருவிகளுக்கு 2038 ஜனவரி 19 அன்று இதே சிக்கல் வரும். அந்த 2,14,74,83,647 முதல் முப்பத்தொரு கட்டங்களின் அரிசி. அது பகா எண் என்று 1772-இல் நிறுவியதும் ஆய்லர்தான்.

எந்தெந்தக் கட்டம் வரை கூட்டினால் மொத்தம் பகா எண்ணாக வரும் என்பது தனிக் கேள்வி. 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61 ஆகிய ஒன்பது இடங்களில் மட்டும். கட்டத்தின் எண் பகா எண்ணாக இருந்தாக வேண்டும், ஆனால் இருந்தால் மட்டும் போதாது: பதினொன்றாம் கட்டம் வரை கூட்டினால் 2047, அது 23 × 89. அறுபத்தொன்றில் வரும் 23,05,84,30,09,21,36,93,951 பகா எண்தான் என்று 1883-இல் காட்டியவர் பெர்வூஷின், ரஷ்யக் கிராமத்துப் பாதிரியார். அதே 1883-இல் பிரான்சில் எதுவார் லூக்கா ஹனோய் கோபுரப் புதிரைக் கடைக்குக் கொண்டுவந்தார். காசிக் கோயிலில் அறுபத்து நான்கு பொன் தட்டுகளை அந்தணர்கள் மாற்றி அடுக்குகிறார்கள், முடிந்ததும் உலகம் முடியும் என்று கூடவே ஒரு கதை. கோயிலும் தட்டும் கற்பனை, கணக்கு நிஜம்: நகர்த்த வேண்டிய தடவைகள் அதே 2⁶⁴ − 1. நொடிக்கு ஒன்று வீதம் 58,000 கோடி வருடத்துக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்துக்கே இப்போது 1,380 கோடி வயதுதான்.

தேர்வுக்கு வராதே என்று உங்களில் சிலர் நினைப்பது கேட்கிறது. பெருக்குத் தொடர், பகாக் காரணிப்படுத்தல், மட்டு எண்கணிதம் மூன்றும் பத்தாம் வகுப்பில் ஒரே பாடத்தில்தான் இருக்கின்றன. மூன்றையும் மூன்று தனிப் பயிற்சியாக நடத்தி, மூன்றுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாதபடி செய்துவிடுகிறோம். இந்த ஓர் எண்ணில் மூன்றும் கைகோத்து நிற்கின்றன. இரண்டு பாடவேளை போதும். திருப்புதல் தேர்வுக்கு முன் அத்தனை நேரம் கிடைக்காது என்றால் 641-ஐ மட்டுமாவது காட்டிவிடுங்கள்.

அடுத்த முறை அரசன் வாயடைத்துப் போனதும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். இருபது இலக்கத்தையும் கரும்பலகையில் முழுசாக எழுதி, கால்குலேட்டரைப் பைக்குள் வைக்கச் சொல்லி, “இதை உடையுங்கள்” என்று பிள்ளைகளிடம் கொடுங்கள். மூன்றும் ஐந்தும் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். பதினேழுக்குக் கொஞ்சம் காத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் வகுப்புகளில் உட்கார்ந்திருந்த ஒரு பழைய மாணவன்